அரைஞாண் கயிற்றுக்கு அடியில்

எங்கள் ஊர்ப்பக்கம் என்னைப் ‘பூச்சிக்காரம்மா’ என்பார்கள். நான் பூச்சி பிடிப்பதில்லை. பூச்சி கடித்தவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் என் வேலை. அடி அண்ணாமலையிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் உண்ணிக்காய்ச்சல் யாருக்கு வருகிறது, எப்படித் தடுப்பது என்று ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. அதில் நான் களப்பணியாளர். கழுத்தில் அட்டை, கையில் படிவம், வீடு வீடாக நடை. படிப்பு பன்னிரண்டாவதோடு சரி. எதிரே இருப்பவரைப் பேசவைக்கும் வாய் ஒன்று இருந்தது, அதற்காகத்தான் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

இந்தக் காய்ச்சலைக் கொண்டுவரும் பூச்சி கண்ணுக்குத் தெரியாது. புதரிலும் புல்லிலும் இருக்கும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் புண் வரும். அது வலிக்காது, அரிக்காது. துணி இறுக்கிப் பிடிக்கிற இடங்களில், அதாவது இடுப்பில், அக்குளில், தொடையிடுக்கில், மார்புக்குக் கீழே ஒளிந்திருக்கும். எல்லோருக்கும் வராது. ஆனால் புண்ணைக் கண்டுவிட்டால் யோசிக்கவே வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். நேரத்தோடு மாத்திரை ஆரம்பித்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். புண் இல்லையென்றால் ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும். படிவத்தில் இதற்கென்று இரண்டே கட்டங்கள்: புண் உண்டு, புண் இல்லை.

ஆண்களிடம் கேட்டால் குனிந்துகூடப் பார்க்காமல் “அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா” என்பார்கள். ஒரு பெண்ணிடம் வேட்டியை அவிழ்த்தா காட்டுவார்கள்? அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவரிடம் பேசி முடித்ததும் தண்ணீர் கேட்கிற சாக்கில் அடுப்படிக்குள் போய்விடுவேன். “அக்கா, அவருக்கு முதுகு தேச்சு உடறது நீங்கதானே? இடுப்பாண்ட எங்கியாவது கருப்பா பொருக்கு தட்டியிருக்குதா?” என்று கேட்பேன். உடனே வந்துவிடும் பதில். கட்டின பெண்டாட்டிக்குத் தெரியாத புண் ஊரில் கிடையாது. பயிற்சி வகுப்பில் டாக்டர்கள் என்னை எழுப்பி நிறுத்தி இதை எல்லோருக்கும் சொல்லச் சொன்னார்கள். அன்றைக்கு எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. என் மாமனார் மலையடிவாரத்தில் புல் அறுத்து இரண்டு மாடுகளை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அறுத்த புல் நனையக் கூடாது என்று என் மாமியார் அதைக் கூடத்தில், மாமாவின் கட்டிலை ஒட்டி அடுக்கியிருந்தார். அன்றைக்குப் பார்த்து என்னோடு வேலை செய்கிற இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள் வீட்டில் கட்டிலோரம் புல் கட்டா என்று எனக்கு மானம் போனது. “எத்தினி வாட்டி சொல்றது? படிக்காதவங்ககிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்!” என்று அவர்கள் எதிரிலேயே கத்திவிட்டேன்.

அத்தை புல்லை அள்ளி மழையிலேயே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து, முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டே, “ஆமாம்மா, நாங்க படிக்காதவங்கதான்” என்றார். அதோடு பேச்சு நின்றது. சோறு ஆகிவிட்டது என்பதைக்கூட என் மகளிடம்தான் சொல்லி அனுப்புவார். நானும் இறங்கி வரவில்லை. ஒரே அடுப்படியில் இரண்டு பேரும் ஊமைகளாகப் புழங்கினோம்.

கார்த்திகை பிறந்து மாமாவுக்குக் காய்ச்சல் கண்டது. மருந்துக்கடை மாத்திரை இரண்டு நாள் போட்டார், விடுவதும் வருவதுமாக இருந்தது. நான் படிவத்தை எடுத்தேன். வீட்டு ஆள் என்று சலுகை கிடையாது, எல்லாம் முறைப்படி என்று எனக்கு ஒரு பெருமை வேறு. எத்தனை நாளாகக் காய்ச்சல், தலைவலி உண்டா, புல்வெளிக்குப் போனீர்களா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில், அவர் முகத்தைப் பார்க்காமல், “உடம்புல எங்கியாவது புண்ணு கிண்ணு இருக்குதா மாமா?” என்றேன். அவரும் என்னைப் பார்க்காமல், “இல்லம்மா” என்றார். மருமகளிடம் வேறென்ன சொல்வார்?

அத்தை அடுப்படியில்தான் இருந்தார். பத்தடி தூரம்கூட இருக்காது. பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எந்த வீட்டிலும் நான் செய்யத் தவறாத ஒன்றை என் வீட்டில் செய்யவில்லை. போய்க் கேட்டால் நான் தோற்றதாகிவிடும். ‘புண் இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

ரத்தம் எடுத்தாயிற்று. தீபத்துக்காகச் சாலைகளை அடைத்திருந்ததால் அதை எடுத்துப்போகிற வண்டி இரண்டு நாள் தாமதமாக வந்தது. பிற்பாடு இந்த வண்டியின் மேல் பழியைப் போட நான் ரொம்பவே முயன்றிருக்கிறேன். முடிவு வருவதற்குள் மாமாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. என் கணவர் அவரை ஆட்டோவில் தன் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். வழியெல்லாம் மாமா, மாட்டுக்குத் தண்ணீர் காட்டினீர்களா என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் வேட்டியைத் தளர்த்தி, அரைஞாண் கயிற்றை விரலால் மேலே தள்ளினார். கயிற்றுக்கு அடியில், வலது பக்கம், மிளகு அளவுக்குக் கருப்பாக இருந்தது. ஆறு வருஷமாக நான் ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்த புண். டாக்டர் என் கழுத்து அட்டையைப் பார்த்தார். “நீங்க இந்த ப்ராஜெக்ட்லதானே இருக்கீங்க?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மருந்தை உடனே ஏற்றினார்கள். ஆனால் அதற்குள் நுரையீரலும் சிறுநீரகமும் கெட்டிருந்தன. மூன்றாம் நாள் மாமா போய்விட்டார்.

பூச்சி அவரைப் புல் அறுக்கும் இடத்திலேயே கடித்திருக்கும். கூடத்தில் கிடந்த புல்லுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்பு குறைவு என்று பிறகு டாக்டர்கள் சொன்னார்கள். அப்படியானால் நான் போட்ட சண்டைக்கு அந்த நியாயம்கூட மிஞ்சவில்லை. என் கணவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர் சோற்றைப் பிசைகிற விதத்திலேயே தெரிந்தது. நான் வேலைக்குப் போகவில்லை. படிவக் கட்டைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு, நான் பின்கட்டில் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அத்தை வந்து எதிரில் உட்கார்ந்தார். அவரும் ஒரு பிடி சாம்பலை எடுத்துக்கொண்டு மறுபக்கத்தைத் தேய்த்தார்.

“அந்தப் புண்ண நான் பார்த்தேன்மா.”

என் கை நின்றுவிட்டது.

“காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு. குளிக்க ஊத்தறப்போ பார்த்தேன். கயிறு அறுத்துடுச்சுனு நெனச்சு நாந்தான் சுண்ணாம்பு வெச்சு உட்டேன். நீ அவரக் கேட்டது அடுப்படியில எனக்குக் கேட்டுச்சு. அவரு இல்லைனு சொன்னதும் கேட்டுச்சு. எழுந்து வந்து சொல்லிடலாம்னு கையக்கூட கழுவிட்டேன்.”

“ஏன் அத்தை வரல?”

அவர் அண்டாவைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

“நீ உள்ள வந்து என்னையும் கேப்பியானு பார்த்தேன். நீ மொதல்ல பேசட்டும்னு இருந்துட்டேன்மா.”

அழுகையை அடக்க முடியவில்லை. சாம்பல் கையாலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“நானும் அப்படித்தான் இருந்துட்டேன் அத்தை” என்றேன்.