ராக் கச்சேரியில் என்னைப் பெண் பார்த்தார்கள்

என் அக்கா சத்தியம் செய்தால் மீறமாட்டாள் என்று இருபத்தாறு வயதுவரை நம்பியிருந்தேன். இப்போது நினைத்தால் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

டொரண்டோவின் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மெண்டில் நானும் அவளும் மட்டும் இருந்த வருடங்கள் உண்டு. அம்மாவும் அப்பாவும் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். அக்கா டோனட் கடையில் வேலை செய்தாள், நான் பள்ளிக்கூடம் போனேன். கடையின் சமையலறையில் ஓயாமல் ஓடிய ரேடியோவில்தான் அவள் அந்த இரண்டு ராக் பாடகிகளைக் கண்டுபிடித்தாள். கனடாக்காரிகள். கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, நாலு ஆண்களைப் பின்னால் நிறுத்திவிட்டு, தொண்டை கிழியப் பாடுகிறவர்கள். அவர்களுடைய பழைய கசெட்டுகளைத் தேடித் தேடி வாங்கி வந்தாள். மேலே குடியிருந்த வீட்டுக்காரர் தரையை மிதித்து எச்சரிக்கும்வரை நாங்களும் சேர்ந்து கத்துவோம். ஊரிலும் சரி, கனடாவிலும் சரி, வேறெங்கும் எங்களை யாரும் கத்த விட்டதில்லை.

பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆனது. எனக்கு நியூஜெர்சியில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரே கவலை, என் கல்யாணம். டொரண்டோவுக்குப் போகும்போதெல்லாம், "கோயிலுக்குப் போட்டு வருவம், சீலை கட்டு" என்பாள். கோயிலில் தற்செயலாக ஒரு குடும்பம் எதிரே வரும். தற்செயலாக அவர்களுக்கு ஒரு மகன் இருப்பான். எங்கள் ஆட்களின் வழக்கம் அது. வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் இரு பக்கத்துக்கும் அவமானம். பொது இடம் என்றால் யாரும் யாரையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாம். பார்க்கப்பட்டவளுக்கு மட்டும் உடம்பு கூசும்.

இரண்டு தடவை ஏமாந்தேன். மூன்றாம் தடவை கோயிலுக்கே வரமாட்டேன் என்று கத்தித் தீர்த்தேன். "அம்மாவாணை, இனி உனக்குத் தெரியாமல் ஆருக்கும் உன்னைக் காட்டமாட்டன்" என்று என் தலையைத் தடவிச் சத்தியம் செய்தாள். அம்மாமேல் செய்த சத்தியம். நம்பினேன்.

அடுத்த கோடையில் அவளிடமிருந்து போன் வந்தது. "எங்கட பாட்டுக்காரியள் நியூஜெர்சிக்கு வாறாளவையடி! ரெண்டு பேரும் ஒரே மேடையில. நான் பஸ்ஸில வாறன். நாங்கள் ரெண்டு பேர் மட்டும் போவம், என்ன?" குரல் பேஸ்மெண்ட் காலத்துக் குரல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணத்தோடு தொலைந்துபோன அக்கா திரும்பக் கிடைத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

கடற்கரை ஊர் ஒன்றில் பழைய தியேட்டர், சனிக்கிழமை பின்னேரம். நான் கறுப்பு டீ-ஷர்ட்டை எடுத்ததும், "படம் எடுக்க வடிவாயிருக்கும்" என்று புது நீலச் சட்டையை நீட்டினாள். தலையையும் தானே வாரிவிட்டாள். பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் மேடைக்கு வந்த பாடகிக்கு நாற்பது தாண்டியிருக்கும். இரண்டாவது பாட்டின் நடுவே கிதார் நரம்பு அறுந்தது. அதை மாற்றிக்கொண்டே, பனியில் உடைந்த வேனோடு வட ஒன்ராறியோவில் ஊர் ஊராகப் பாடித் திரிந்த கதையைச் சொன்னாள். பிறகு பாடிய பாடலில் கட்டடமே அதிர்ந்தது. நான் எழுந்து நின்று, வாரிய தலை கலைய, குரல் போகும்வரை கத்தினேன். கத்திக்கொண்டே அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மேடையைப் பார்க்கவில்லை. மூன்று வரிசை பின்னால் பார்த்து, வாயைத் திறக்காமல் பணிவாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நானும் திரும்பினேன். அந்தக் கூட்டத்தில் பட்டுச்சேலையும் கம்பளிச் சட்டையுமாக ஒரு அம்மா, இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையில் ஓர் இளைஞர். இருவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இடைவேளையில் அக்கா என் கையைப் பிடித்தாள். "கோவிக்காதை. இஞ்ச எடிசன் ஊரில எஞ்சினியர், நல்ல குடும்பம். ஒரு வணக்கம் மட்டும் சொல்லு."

"அம்மாவாணை எண்டு சொன்னியே அக்கா!"

"கோயிலெண்டால் நீ வந்திருக்கமாட்டாய். இதுக்கெண்டால் ஓடி வருவாய் எண்டு தெரியும்."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்! உலகத்தில் எங்கள் இருவருக்கு மட்டும் சொந்தமாக இருந்தது அந்தப் பாட்டு ஒன்றுதான். அதை எடுத்து எனக்கு இரையாகத் தூண்டிலில் குத்தியிருக்கிறாள். சபையில் சண்டை போடக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பாவத்துக்கு, அவள் பின்னாலேயே வெளிக்கூடத்துக்குப் போனேன்.

அந்த அம்மா பஞ்சை எடுத்துவிட்டு, "பிள்ளை, இந்தச் சத்தமெல்லாம் கேக்கிறனீரோ?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "ஐயோ இல்லை அன்ரி. வேலையிடத்தில சும்மா டிக்கெட் குடுத்தவை. எங்களுக்கு இதெல்லாம் பிடிக்காது."

அந்த நேரம் உள்ளே இரண்டாவது பாடகி தொடங்கிவிட்டாள். கரகரத்த அந்தக் குரல் கதவைத் தாண்டி வந்தது. அக்காவின் தலை அந்தப் பக்கம் அசையக்கூட இல்லை. பெண் பார்க்க வைத்ததைக்கூட ஒரு நாள் மன்னித்திருப்பேன். அந்தப் பாட்டையே பிடிக்காது என்று சொன்னதை மன்னிக்க முடியவில்லை.

"எனக்குப் பிடிக்கும், அன்ரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

எல்லோரும் எழுந்து நின்று ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். பத்து வருடம் காத்திருந்து கேட்ட குரல். ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை. கத்த வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது.

ரயிலில் திரும்பும்போது, "எல்லாம் உன்ர நன்மைக்குத்தான்" என்றாள். ஒரு வாரம் கழித்து போன் செய்து, பிள்ளை கொஞ்சம் வாய் கூட என்று அவர்கள் வேண்டாம் என்றுவிட்டதாகச் சொன்னாள். அதையும் என் குற்றம் போலவே சொன்னாள்.

அக்காவோடு நான் உறவை முறித்துக்கொள்ளவில்லை. நல்லது கெட்டதுக்குப் போகிறேன், வருகிறேன். ஆனால் அவள் எங்கே கூப்பிட்டாலும், அங்கே வேறு யார் வருகிறார்கள் என்று கேட்காமல் போனதில்லை. இரண்டு வருடம் கழித்து அவளுக்கு மகள் பிறந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அவளே போன் எடுத்து, "பாக்க வாறியா?" என்றாள். அப்போதும், "வேற ஆர் வருகினம்?" என்றுதான் முதலில் கேட்டேன்.