இல்லாத சூடு

அலுவலகத்தில் அவளுக்குக் காத்தாடி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. சொல்லிவிட்டு அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். மடிக்கணினி வடிவமைக்கும் நிறுவனம் அது. கணினிக்குள் பெரிய மூளை ஒன்று இருக்கிறதே, விளம்பரமெல்லாம் அதற்குத்தான். அதற்குப் பக்கத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு இன்னொரு சில்லு கிடக்கும். கன்ட்ரோலர் என்பார்கள். விசிறியைச் சுற்றுவது, பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுவது, மூடி திறந்ததைக் கண்டுகொள்வது, விசையைத் தட்டினால் எழுத்தை உள்ளே சேர்ப்பது என்று வீட்டு வேலை முழுவதும் அதன் தலையில்தான். கணினியை அணைத்துவிட்டு நீங்கள் தூங்கப் போனாலும் அது தூங்காது. அந்தச் சில்லுக்குள் ஓடும் நிரலை எழுதுகிறவள் காத்தாடி.

கல்யாணம் ஆனவள்தான். கட்டினவன் ஒருநாள், உனக்கு வாய் அதிகம் என்றான். உனக்குக் காது குறைவு என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு கிளம்பி வந்தவள் திரும்பிப் போகவில்லை. அன்றிலிருந்து ஒரு படுக்கையறை வீடு, ஒரு தட்டு, ஒரு நாற்காலி. ஆய்வறையில் கம்பிகளைப் பற்றவைக்க அவள் வைத்திருக்கும் சூட்டுக்கோலில் சிவப்பு ஒட்டுநாடா சுற்றியிருக்கும். அதை வேறொருவர் தொட்டால் தொலைந்தார்.

அவளுடைய ஜென்ம விரோதி கெர்னல் எழுதுகிறவள். கெர்னல் என்பது இயங்குதளத்தின் அடிவயிறு. திரையில் தெரிகிற பளபளப்புக்கெல்லாம் கீழே உட்கார்ந்து, வன்பொருளோடு நேரடியாகப் பேசுவது அதுதான். 'எவ்வளவு சூடு? பேட்டரி எவ்வளவு மிச்சம்?' என்று கன்ட்ரோலரைக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆக ஒருத்தி எழுதியது கேட்கும், இன்னொருத்தி எழுதியது பதில் சொல்லும். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கெர்னல்காரி வேறு யாருமில்லை, காத்தாடியின் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவளும் இவளேதான். அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்து, ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள் இரண்டு பேரும். இவ்வளவு கெட்டிக்காரியாக இருக்கிறாளே என்று மலைத்துப்போய், வீட்டில் சொல்லி, அம்மாவைச் சம்மதிக்க வைத்து, அண்ணனுக்குக் கட்டி வைத்தாள். அதன்பிறகு அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. மகள் வீட்டுக்கு வா என்று இவள் கூப்பிட்டாள். அம்மா, அங்கே வந்து யாரோடு பேசுவேன், சுவரோடா என்று கேட்டுவிட்டு மருமகள் பக்கமே இருந்துவிட்டாள். பெற்ற தாயை மயக்கி எடுத்துக்கொண்டாள் பாவி என்று அன்றைக்கு மூண்டது. 'நீ, வா, போ' என்றிருந்த பேச்சு 'நீங்க, வாங்க'வுக்கு ஏறியது. இந்த மரியாதை எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். பிறகு அதுவும் நின்றுபோய், அடுத்த அறைக்கு மின்னஞ்சலில்தான் எல்லாம்.

அவர்கள் எழுதிய இரண்டும் பேசிக்கொள்வது ஒரு பொந்து வழியாக. கெர்னல் ஒரு கேள்வியைப் போடும். கன்ட்ரோலர் எடுத்துவிட்டதா என்று பார்த்துக் காத்திருக்கும். பிறகு பதில் வரும். பொந்து சின்னது, ஒரு தடவைக்கு இருநூற்றைம்பத்தைந்துக்கு மேல் ஓர் எண் நுழையாது. சூட்டையோ பத்தில் ஒரு பங்கு டிகிரிக் கணக்கில் எண்ணுவார்கள், எழுபது டிகிரி என்றால் எழுநூறு. அதனால் அதை இரண்டு பாதியாகத்தான் அனுப்ப வேண்டும், கீழ்ப்பாதி முதலில், மேல்பாதி பிறகு. அந்த இடைவெளியில் சூடு மாறிவிட்டால்? அதற்கென்று விதிநூலிலேயே ஒரு வழக்கம் இருக்கிறது. 'கொஞ்சம் பிடித்து வை, அடுத்தடுத்துக் கேட்கப்போகிறேன்' என்று கெர்னல் முதலிலேயே சொல்லும். கன்ட்ரோலர் சரி என்று சொல்லி, விட்டுவிடு என்று சொல்லும்வரை எண்ணை மாற்றாமல் வைத்திருக்கும்.

கெர்னல்காரி அப்படிப் பிடித்து வைக்கச் சொல்லிவிட்டு, நடுவில் வேறு வேலைக்குப் போய்விடுகிறாள் என்பது காத்தாடியின் குற்றச்சாட்டு. அவள் வரும்வரை என் விசிறி கை கட்டி நிற்க வேண்டுமா என்று மின்னஞ்சல் போட்டாள். விதிநூலை ஒருமுறை படித்துப் பாருங்கள் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. விதிநூலா! கொதித்துப்போனாள். அன்றைக்கே உட்கார்ந்து நிரலை மாற்றினாள். இனிமேல் கன்ட்ரோலர் 'சரி' என்று மட்டும் சொல்லும். சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்கு எண்ணை மாற்றிக்கொண்டிருக்கும். வீட்டில் மாமியார் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுத் தன் இஷ்டப்படி நடக்கும் மருமகளைப்போல. யாரிடமும் மூச்சு விடவில்லை.

கெர்னல்காரி என்ன, நேற்றுப் பிறந்தவளா? சீக்கிரமே மோப்பம் பிடித்துவிட்டாள். பிடித்து வைக்காதவளிடம் பிடித்து வைக்கச் சொல்லி நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று, அடுத்த பதிப்பில் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டாள். அவளும் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை பேசியிருந்தால் தீர்ந்திருக்கும் என்று நீங்களும் நானும் சொல்லலாம். அந்த ஒரு வார்த்தைக்குத்தானே இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

புது மாதிரிக் கணினி கடைக்குப் போனதும் புகார்கள் வந்தன. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே படக்கென்று அணைந்துவிடுகிறது. ஒருவருக்கு வாரத்துக்கு ஒருமுறை, இன்னொருவருக்கு வராமலே போகும். ஆய்வறையில் வைத்துப் பார்த்தால் சாது மாதிரி ஓடும். அணைந்த கணினிகள் எல்லாம் ஒரே காரணத்தைப் பதிந்திருந்தன: சூடு நூற்றிரண்டு டிகிரி. தொட்டுப் பார்த்தால் கை சுடவில்லை. இல்லாத சூட்டுக்குப் பயந்து கெர்னல் கணினியை அணைத்துக்கொண்டிருந்தது.

இது கன்ட்ரோலர் சொன்ன பொய் என்றது கெர்னல் பிரிவு. கேட்கத் தெரியாமல் கேட்டால் இப்படித்தான் என்றது கன்ட்ரோலர் பிரிவு. மேலாளர் பொறுத்துப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கத்துத் தப்போ அந்தப் பக்கத்து ஆள் வீட்டுக்குப் போகலாம் என்று அறிவித்துவிட்டுக் கூட்டத்துக்கு நாள் குறித்தார். காத்தாடிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா போனாள், புருஷன் போனான். காலையில் எழுந்து போவதற்கு இந்த ஓர் இடம்தான் மிச்சம். இதையும் அவளிடம் விடுவதா?

கணினியின் பலகையைத் திருகாணி கழற்றி வெளியே எடுத்து, பொந்துக்குப் போகும் கம்பிகளில் கொக்கி மாட்டி, அங்கே நடக்கும் பேச்சு முழுவதையும் பதிவு செய்தாள். கணினியின் பெரிய மூளையை வேலை வாங்கிச் சூட்டை ஏற்றி இறக்கிக்கொண்டே காத்திருந்தாள். கடைசியில் மாட்டியது. உண்மையான சூடு எழுபத்தாறு புள்ளி ஏழு. கெர்னல் கீழ்ப்பாதியை வாங்கிக்கொண்டது. அந்தக் கணத்தில் சூடு எழுபத்தாறு புள்ளி எட்டானது. அந்த இடத்தில்தான் மேல்பாதி ஓர் எண் ஏறும். கெர்னல் புது மேல்பாதியை வாங்கிப் பழைய கீழ்ப்பாதியோடு ஒட்டியது, நூற்றிரண்டு வந்துவிட்டது. ஒன்று ஐம்பத்தொன்பதுக்கு நிமிட முள்ளை மட்டும் பார்த்துவிட்டு, மணி முள்ளை இரண்டு மணிக்குப் பார்த்தவன், இப்போது மணி இரண்டு ஐம்பத்தொன்பது என்று சொல்வானே, அதே கதை.

பதிவில் இன்னொன்றும் பளிச்சென்று தெரிந்தது. 'பிடித்து வை' என்ற கேள்வி எங்குமே இல்லை. காத்தாடிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. கேட்டிருந்தாலும் தன்னுடைய கன்ட்ரோலர் பிடித்து வைத்திருக்காது என்பதும் ஞாபகம் வந்தது. வந்த ஞாபகத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

கூட்டத்தில் அந்தப் பதிவைச் சுவரில் பெரிதாகப் போட்டு, பாதி பாதியாக விளக்கினாள். குரலில் தேன் ஒழுகியது. விதிநூலின் பக்கத்தையும் காட்டி, இதை ஒருமுறை படித்துப் பார்த்திருக்கலாம் என்று சேர்த்துக்கொண்டாள். மேசையின் எதிர்ப்பக்கம் கெர்னல்காரி பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"உங்க பக்கத்துல சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?" என்று மேலாளர் அவளைக் கேட்டார்.

அவள் காத்தாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். "இல்ல சார்" என்றாள்.

அவ்வளவுதான். வாரம் முடிவதற்குள் மேசையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டாள். ஏன் வாயைத் திறக்கவில்லை என்ற கேள்வி காத்தாடியை நெருஞ்சி முள்ளாகக் குத்தியது. ஆதாரம் இருந்திருக்காது, அதான் வாலைச் சுருட்டிக்கொண்டாள் என்று தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டாள். அன்று மாலை கடையில் தனக்கென்று நல்லதாக ஒரு நாற்காலி வாங்கினாள்.

ஆனால் கெட்டிக்காரிக்கு வேலையா கிடைக்காது? வேறோர் ஊரில் இதைவிடப் பெரிய நிறுவனத்தில் கிடைத்தது. அண்ணனும் அங்கே மாற்றல் வாங்கினான். விஷயம் தெரிந்ததும் காத்தாடி அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். அறை முழுவதும் அட்டைப்பெட்டிகள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து தன் மருந்துகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னோடு இரும்மா, பகலில் ஆள் வைக்கிறேன், சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று இவள் கெஞ்சினாள். பிறகு திட்டினாள். பிறகு அழவும் செய்தாள்.

"நான் அவளோட போறேன்" என்றாள் அம்மா. அண்ணனோடு என்றுகூடச் சொல்லவில்லை.

புதிதாகக் கெர்னலுக்கு வந்தவன் சாதுவான ஆள். காத்தாடி சொன்னபடியே 'பிடித்து வை' என்ற கேள்வியைத் திரும்பச் சேர்த்தான். இனி எல்லாம் சரி என்று மேலாளர் கை குலுக்கினார். காத்தாடி தன் பக்கத்தைத் திருத்தவில்லை. திருத்தினால் எதற்காக என்று எழுத வேண்டும், நாலு பேர் சரிபார்க்க வேண்டும். பார்க்கிறவன் முட்டாளாக இருந்தாலொழிய, இத்தனை நாள் இது பொய்யாகத் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறதே என்று கேட்பான். பரபரப்பு அடங்கட்டும், சத்தமில்லாமல் வேறொரு மாற்றத்தோடு சேர்த்து நுழைத்துவிடலாம் என்று தள்ளிப்போட்டாள். ஒன்றிரண்டு புகார் வந்தபோது, அது பழைய பதிப்பு ஓடும் கணினியாக இருக்கும் என்று வாயை அடைத்தாள்.

அம்மாவோடு பேசுவதற்கென்று அதே மாதிரிக் கணினி ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தாள். அவள் கையால் ஆன சில்லு அம்மாவின் மேசையில் இருக்கட்டும் என்று ஓர் ஆசை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் திரையில் அம்மாவின் முகம் வரும், பாதி நேரம் நெற்றி மட்டும் தெரியும். இடுப்பு எப்படி இருக்கிறது, அங்கே சரியாகக் கவனிக்கிறார்களா என்று இவள் துருவுவாள். இல்லை என்று ஒரே ஒரு பதில் வராதா என்று ஏங்கித்தான் கேட்பாள். அம்மா ஒரு நாளும் அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வழக்கமில்லாமல் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். விசிறி உறுமும் சத்தம் இங்கேவரை கேட்டது.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா மனசுல வச்சுக்கிட்டே இருக்கேன். அன்னைக்கு நான்தான்..." என்றாள் அம்மா.

திரை கறுத்துவிட்டது. இணைப்பு போனால் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும், இது அது இல்லை. எழுபத்தாறு புள்ளி ஏழு என்று அவள் வாய் தானாக முணுமுணுத்தது. மறுபடி கூப்பிட்டாள், எடுக்க ஆளில்லை. சற்று நேரத்தில் கைபேசி அடித்தது. அண்ணன் வீட்டு எண்தான். அம்மா என்று எடுத்தாள்.

"நான்தான்" என்றாள் கெர்னல்காரி. எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்தக் குரல் நேராக இவள் காதுக்குள் வந்தது. "உங்க பக்கத்தை இன்னும் மாத்தலதானே?"

காத்தாடி கைபேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். சரின்னு சொல்லிட்டு நீங்க பிடிச்சு வைக்கிறதில்லன்னு பதிவே எங்கிட்ட இருந்துச்சு. கூட்டத்துக்குக் கொண்டுவந்து பையில வச்சிருந்தேன்."

"அப்ப ஏன் காட்டல?"

"அத்தைதான் வேணாம்னாங்க. 'உனக்கு எங்க போனாலும் வேலை கிடைக்கும். அவளுக்கு அந்தச் சில்லை விட்டா யாரு இருக்கா'ன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. அவங்களுக்காக விட்டேன். உங்களுக்காகன்னு நினைச்சுக்காதீங்க. உங்க மேல எனக்கு ஒரு துளி இரக்கம் கிடையாது."

காத்தாடிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்ததெல்லாம் இவள் போட்ட பிச்சையா? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"அம்மாகிட்ட குடுங்க" என்றாள் கடைசியில்.

"பக்கத்துலதான் இருக்காங்க. ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க."

அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அதன்பிறகு மூன்று பேரில் ஒருவரும் பேசவில்லை. இணைப்பை ஒருவரும் துண்டிக்கவும் இல்லை.