உப்பில்லாத சோளமும் என் ஓவன் கம்பித்தட்டும்

தேவகி அக்கா இறந்த செய்தி வந்தபோது என் முன்பல் என் உள்ளங்கையில் இருந்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். அது முழுப் பல் அல்ல, பல்லின் மேல் மாட்டியிருந்த உறை. கிள்ளானில் ஒரு சாலையோரக் கடையில், அக்காவுக்குத் தெரியாமல், வேறு யாரோ சுட்ட சோளத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். உறை கழன்று, சோள மணிகளுக்கு நடுவே தானும் ஒரு மணிபோல உட்கார்ந்துகொண்டது. அதைத் தேடிப் பிடுங்கி எடுத்தபோதுதான் கைப்பேசி அடித்தது. எங்கள் பழைய அலுவலகத்துக் கோமளா.

"மாலா, தேவகி அக்கா போயிட்டாங்கடி. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தாங்களாம். எழுந்திரிக்கல."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். பல் இல்லாத இடத்தில் காற்றுதான் வந்தது. கோமளா, "அழாதடி" என்று சொல்லிவிட்டுத் தானும் அழுதாள்.

இறுதிச் சடங்குக்கு வந்த உங்களில் பலர், நான் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நாள் முழுக்க நின்றதைப் பார்த்திருப்பீர்கள். அக்காவின் நாத்தனார் என் முதுகைத் தடவிக்கொடுத்து, மைலோ கலக்கித் தந்தார். சொந்தத் தங்கைகூட இப்படி அழவில்லை என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். அழுதது உண்மைதான். ஆனால் கைக்குட்டை பல்லுக்காக. அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தால் கூட்டத்தின் முன்னாலேயே, "யாரோட சோளத்தடி கடிச்ச?" என்று கேட்டிருப்பார்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நாங்கள் இருவரும் எழுத்து வேலை பார்க்கும் கிராணிகள். கிள்ளானிலிருந்து ஒரே ரயிலில் போய், ஒரே ரயிலில் திரும்புவோம். அவருடன் வேலை பார்த்த யாரும் அவருடைய கைப்பையை மறந்திருக்க முடியாது. அதில் சின்ன டப்பாவில் எப்போதும் உப்பு இருக்கும். அலுவலக விருந்துக்கு அவரவர் வீட்டிலிருந்து சமைத்துக் கொண்டுவந்தால், அக்கா ஒவ்வொரு மூடியாகத் திறந்து, ருசி பார்த்து, யாரையும் கேட்காமல் உப்பைத் தூவிவிட்டு நகர்ந்துவிடுவார். ஒருமுறை எங்கள் பெரிய வழக்கறிஞரின் மனைவி செய்து அனுப்பிய பிரியாணிக்கும் அதே கதிதான். என் கோழிக்குழம்பில் கைவைத்த அன்று நான் சண்டைக்குப் போனேன். "சண்டை போடறதுக்கு முன்ன ஒரு வாய் சாப்பிட்டுப் பாரு" என்றார். சாப்பிட்டேன். குழம்பு நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

இப்படிப்பட்டவர்தான் கடைசிக் காலத்தில் உப்புக்கு எதிரியானார். காரணம் அவருடைய கணவர் ராஜேந்திரன் அண்ணன்.

அண்ணன் துறைமுகத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இதய அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவரிடம் டாக்டர் உப்பையும் மார்ஜரினையும் மறந்துவிடச் சொன்னார். அண்ணன் தலையை ஆட்டினார். சாயங்காலமானதும் தன் சின்னக் கப்சாய் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, கிள்ளானை அடுத்த மேருவுக்குப் போனார். அங்கே ஒரு தொழிற்சாலை வாசலுக்கு எதிரே, மரத்தடியில், ஒரு மலாய்க்காரர் சோளம் சுட்டு விற்பார். மார்ஜரினும் உப்பும் வழிய வழிய தினமும் ஒன்றைத் தின்றுவிட்டு அண்ணன் திரும்பிவிடுவார். அந்தச் சாலை முழுக்கக் கொள்கலன் லோரிகள். அண்ணனுக்குப் பொழுது சாய்ந்தால் கண் சரியாகத் தெரியாது. ஒருநாள் முழங்கை தோல் உரிந்து, மோட்டாரின் பக்கக் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். லோரி உரசவில்லை, காற்றுதான் தள்ளியது என்றார்.

அடுத்த நாள் ரயிலில் அக்கா, ஷா ஆலம் தாண்டிய பிறகு மெதுவாகச் சொன்னார்: "சாவிய ஒளிச்சு வெச்சா வேற சாவி செய்வாரு. அந்த ருசிய வீட்டுக்குக் கொண்டு வந்துட்டா அவரு எதுக்குலா போகப்போறாரு?"

நல்ல யோசனைதான். என் ஞாயிற்றுக்கிழமைகள் அன்றோடு போயின.

முதல் சோளத்தை அடுப்புத் தீயில் நேராகக் காட்டினார். வெளியே கரி, உள்ளே பச்சை. மணிகள் வெடித்து என் மூக்குக்கண்ணாடியில் ஒட்டின. இரண்டாம் முயற்சியில் தோலோடு சுட்டார். அது வெந்தது, ஆனால் ஆவியில் அவித்ததுபோல் இருந்தது, சுட்ட வாசம் வரவில்லை. ஒவ்வொரு முறையும் அண்ணன் கூடத்தில் காத்திருப்பார். தட்டு வரும். ஒரு கடி கடிப்பார். பொறுமையாக மெல்லுவார். பிறகு தீர்ப்புச் சொல்வார்.

"நல்லாதான் இருக்கு. ஆனா அது இல்ல."

இதைச் சொல்லிவிட்டு மோட்டார் சாவியைத் தேடுவார். அக்கா என்னைப் பார்ப்பார், நான்தான் சோளத்தை விளைவித்தேன் என்பதுபோல.

கரி நெருப்பு வேண்டும் என்று முடிவானது. அடுப்புக்கு ஒரு பழைய பிஸ்கட் தகரம் கிடைத்தது. மேலே போட கம்பித்தட்டு இல்லை. அக்கா என் வீட்டுக்கு வந்தார், தண்ணீர் குடித்தார், என் ஓவனைத் திறந்தார், உள்ளே இருந்த கம்பித்தட்டை உருவிக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் தருகிறேன் என்றார். அந்தத் தீபாவளிக்கு என் வீட்டில் கேக் இல்லை. அதற்கடுத்த தீபாவளிக்கும் இல்லை. தட்டைப் பற்றிக் கேட்டால், "உன் கேக்கு பெருசா, அவரு உசுரு பெருசா?" என்பார். என் கேக்கைச் சாப்பிட்டவர்கள் யாரும் எனக்கு ஆதரவாக வரவில்லை.

வீட்டு முன்புறம் கார் நிற்கும் இடத்தில் புகை கிளம்பியது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி காயப்போட்டிருந்த போர்வையெல்லாம் புகை வாசம். அவர் வேலியருகே வந்து நின்று இருமினார். அக்கா அவருக்கும் ஒரு சோளத்தை நீட்டினார். அவர் கடித்துப் பார்த்துவிட்டு, மலாயில், உப்பு இல்லையே என்றார். நான் அதைத்தான் முதல் வாரத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா உப்பும் சேர்ப்பதில்லை, மார்ஜரினும் தடவுவதில்லை. வெறும் சோளத்தைச் சுட்டுக் கொடுத்துவிட்டு, மேரு ருசி ஏன் வரவில்லை என்று கரியை மாற்றுவார், விசிறியை மாற்றுவார், விசிறும் என்னையும் மாற்றப் பார்ப்பார்.

"அக்கா, உப்புப் போடாம அந்த ருசி எப்படி வரும்?"

"உப்ப போட்டுக் குடுக்கறதுக்கு நான் எதுக்கு? அவரு மேருவிலேயே சாப்பிட்டு அங்கேயே சாகலாமே." பிறகு கரியைக் கிளறிக்கொண்டே, "எனக்கு வேலை செய்ய ஆளு வேணாம் மாலா. பக்கத்துல நின்னு தப்புக் கண்டுபிடிக்காத ஆளு வேணும். வாய மூடிட்டு விசிறு" என்றார்.

ஒருநாள் என் காரில் மேருவுக்கு உளவு பார்க்கப் போனோம். அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டு, தலையில் துப்பட்டாவைச் சுற்றியிருந்தார். அந்தக் கோலத்தில் அவரை யாரும் கவனிக்காமல் இருக்கவே முடியாது. கடைக்காரர் சோளத்தை முதலில் அரைவேக்காடாக அவித்துவிட்டு, பிறகுதான் அனலில் புரட்டுகிறார் என்பது தெரிந்தது. செராய் என்னும் எலுமிச்சைப்புல் தண்டின் நுனியை நசுக்கி, அதையே தூரிகையாக்கி மார்ஜரினைத் தடவினார். இவ்வளவு பார்த்ததும் நாங்கள் கிளம்பியிருக்க வேண்டும். அக்கா கிளம்பவில்லை. உப்பைக் குறைத்துப் போடும்படி கடைக்காரருக்கு மலாயில் வகுப்பெடுக்க ஆரம்பித்தார். தினமும் ஒரு தமிழ் அங்கிள் வருவார், நீல நிற மோட்டார், அவருக்கு உப்பே போடக்கூடாது என்றார். கடைக்காரர் வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். ஆன்டியே ஒரு கடை போட்டு விற்றுக்கொள்ளலாமே என்று மரியாதையாகச் சொன்னார். நான் அக்காவின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். திரும்பும் வழியெல்லாம், "உப்ப அள்ளிக் கொட்டுறான், பார்த்தியா" என்று பொருமிக்கொண்டே வந்தார். அலுவலகத்துப் பிரியாணியை நான் நினைவுபடுத்தினேன். காரை நிறுத்து, இறங்கிக்கொள்கிறேன் என்றார். சாலையோரம் நிறுத்தினேன். இறங்கவில்லை.

அதன் பிறகு அரைவேக்காடாக அவித்தார். செராய்த் தண்டால் தேங்காய்ப் பாலை மெல்லத் தொட்டுத் தடவினார். அனலில் பொறுமையாகப் புரட்டினார். கடைசியில் கஸ்தூரி எலுமிச்சையைப் பிழிந்து, வறுத்து இடித்த மிளகாயைத் தேய்த்தார். உப்பு மட்டும் இல்லை. புளிப்பும் காரமும் புகையுமாக அந்த உப்பில்லாத இடத்தை எதை எதையோ வைத்து அடைத்திருந்தார். தட்டை அண்ணன் முன்னால் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார். வழக்கறிஞர்களையே அதட்டிய பெண் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

அண்ணன் கடித்தார். மென்றார். இன்னொரு கடி கடித்தார். முழுதையும் தின்று முடித்தார். கையைத் துடைத்துக்கொண்டு, சாவியைத் தேடாமல், டிவியைப் போட்டார்.

அக்கா சமையலறைக்குள் ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். "மேருவ ஜெயிச்சிட்டேன்டி" என்றார். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். அன்று முதல் அண்ணன் மேரு பக்கம் போகவில்லை. அலுவலகத்தில் இந்த வெற்றிக் கதையைக் கேட்காதவர்கள் இருந்தால், அன்று நீங்கள் விடுமுறையில் இருந்திருக்க வேண்டும்.

பதினாறாம் நாள் படையலுக்குப் போனேன். பல்லை ஒட்டிக்கொண்டுதான் போனேன். அக்காவுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்தார்கள். சோளமும் இருந்தது. எது? கடைத்தெருவில் விற்கும், உதிர்த்து அவித்த கப் சோளம். காகிதக் கோப்பையோடு அப்படியே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே போய் பிஸ்கட் தகரத்தில் கரியைப் போட்டேன். அண்ணன் விசிறியோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

டாக்டர் தடை அண்ணனுக்குத்தானே, அக்காவுக்கு இல்லையே என்று, உப்பும் மார்ஜரினும் தாராளமாகப் போட்டுச் சுட்டேன். இலையில் ஒன்று வைத்தோம். மீந்ததை அண்ணன் ஒரு கடி கடித்தார்.

"நல்லாதான் இருக்கு. ஆனா அது இல்ல."

"மேரு சோளம் இப்படித்தானேண்ணே இருக்கும்?"

"மேருவ யாரு கேட்டா? அக்கா சுடறது மாதிரி இல்லன்னேன்." எழுந்து போய் எலுமிச்சை எடுத்துவந்து தன் சோளத்தில் பிழிந்துகொண்டார். அக்கா உயிரோடு இருந்தபோதும் என்னைக் குறைசொன்ன குடும்பம், இப்போதும் விடவில்லை.

புறப்படும்போது அண்ணன் கம்பித்தட்டைத் தேய்த்துக் கழுவி, செய்தித்தாளில் சுற்றி, அக்கா ஞாபகமா வெச்சுக்கம்மா என்று கொடுத்தார். என் ஓவன் தட்டு. அதை இனி ஓவனில் போட மனம் வராது. நடுவில் கறுத்து வளைந்திருக்கிறது, கேக்கும் நேராக நிற்காது. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது எனக்குச் சொந்தமான இந்தத் தட்டும், கோழிக்குழம்பில் கடைசியில் இன்னொரு சிட்டிகை உப்புப் போடும் பழக்கமும்தான்.

கார் வரை வந்த அண்ணனிடம் கேட்டேன், அன்றைக்கு நிஜமாகவே அக்காவின் சோளம் மேருவை ஜெயித்துவிட்டதா என்று.

அண்ணன் வீட்டு வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "அதுக்கு முந்தின நாளு போனேன்மா. கடை இல்ல. டெங்கிலுக்கு மாத்திட்டுப் போயிட்டான்னாங்க. அக்காகிட்ட சொல்லல."

டெங்கில் தூரம். அண்ணனுடைய கப்சாய் அவ்வளவு தூரம் போகாது.