“குளுந்துச்சு” என்று எழுதிய சீட்டு

என் தங்கை குட்சுன் வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். மூன்று வயதில் பெரியம்மை. எங்கள் வீட்டில் அவளுக்கு மூத்த இரண்டு பெண்களும் போனார்கள். அவள் முகம் முழுக்கத் தழும்போடு எழுந்து உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வயதில் கணவனைக் கடல் கொண்டுபோனது. மாமியார் வீடு அவளைச் சம்பளமில்லாத வேலைக்காரியாக்கப் பார்த்தது. அவள் ஹம்ஹுங் நகரில் ஒரு வைத்தியர் வீட்டுக்கு மூலிகை நறுக்கப் போய்விட்டாள். பதினோரு ஆண்டுகள் காகிதக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கம் வைத்தியர் பேசுவதைக் காதாலேயே படித்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு மருந்துகள் அவளுக்கு மனப்பாடம். சொல்லச் சொல்லி நான் எண்ணியிருக்கிறேன். கடைசியாக, குதிரை ஆண்டுக் காய்ச்சலின் வாயிலிருந்து என் மகள் ஓக்தானைப் பிடுங்கி எடுத்தாள்.

இந்தக் கடைசி வெற்றியைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

மூன்றாவதும் பெண் என்றதும், இதோடு முடியட்டும் என்ற பொருளில் அப்பா வைத்த பெயர்தான் குட்சுன். நான் மூத்தவன். வீடுகளுக்குத் தரை கட்டுவது என் தொழில். சமையல் அடுப்பின் தீ கல் தரைக்கு அடியில் ஓடி, அறையைச் சூடாக்கி, மறுபக்கப் புகைபோக்கி வழியே வெளியேற வேண்டும். படித்தது நான்கு ஆண்டுதான். ஆனால் எதையும் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு.

அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் ஊரில் பாதிப்பேர் படுத்துவிட்டார்கள். நெல் அறுக்க ஆளில்லை. பிணம் தூக்கவும் ஆளில்லை. முதலில் என் மகன் கியூபொம் விழுந்தான். பதினாறு வயது. எங்கள் ஊர் மேங் வைத்தியரும் இருமிக்கொண்டு படுத்திருந்ததால் யார் வீட்டுக்கும் வரவில்லை. நோயாளியைப் பற்றி எழுதிக் கதவிடுக்கில் கொடுத்தால், உள்ளேயிருந்து மருந்துச் சீட்டு வரும். நான் எழுதிக் கொடுத்தேன். எப்போது காய்ச்சல் ஏறியது, எத்தனை தடவை வாந்தி எடுத்தான், எல்லாம். கடைசி வரி இது: “குடித்தான். குளுந்துச்சு என்றான்.”

உடல் சூட்டை இறக்கும் வெள்ளைக் கல்லைப் பொடித்துக் காய்ச்சிக் கொடுக்கச் சொல்லிச் சீட்டு வந்தது. கொடுத்தோம். ஐந்தாம் நாள் காலை கியூபொம் போய்விட்டான்.

அவனைப் புதைத்த மறுநாள் பதினோரு வயது ஓக்தான் படுத்தாள். அதே காய்ச்சல். செய்தி கேட்டுக் குட்சுன் இரண்டு நாள் நடந்து வந்தாள். அவள் வாசலில் கால் வைக்கும்போது, அதே வெள்ளைக் கல் பொட்டலம் என் கையில் பிரிந்திருந்தது.

“அத அப்படியே வை, அண்ணே. கியூபொமுக்கு என்ன எழுதிக் குடுத்த?”

நகல் வைத்திருந்தேன். அவள் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள்.

“குளுந்துச்சுன்னு எழுதியிருக்கியே. எதைக் குடிச்சிட்டுச் சொன்னான்?”

“அடிப்பிடிச்ச சோத்துல காய்ச்சின தண்ணி.”

“ஆறினதா?”

“இல்ல. கொதிக்கக் கொதிக்க.”

அவள் சீட்டை மடித்துவிட்டாள். பனிபோன்ற முள்ளங்கி ஊறல் தண்ணீரைக் குடித்தாலும் நாங்கள் ‘குளுந்துச்சு’ என்போம்; கொதிக்கும் சூப்பு இறங்கி நெஞ்சு தெளிந்தாலும் அதே சொல்தான். சாப்பாட்டு மேசையில் யாருக்கும் குழப்பம் வராது, கிண்ணம் கண்ணெதிரே இருக்கும். கதவுக்குப் பின்னால் படுத்திருந்தவர் எந்தக் கிண்ணத்தைப் பார்த்தார்? பையன் குளிர்ச்சி கேட்கிறான் என்று எடுத்துக்கொண்டார். கிண்ணத்தில் என்ன இருந்தது என்று எழுதாமல் விட்டவன் நான்.

“அப்ப நான்தான் கொன்னேனா, குட்சுன்?”

“அழுறதுன்னா அப்புறம் அழு. இவ கால்ல கை வை.”

வைத்தேன். ஆற்றுக் கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. நெற்றியோ கொதித்தது.

“தீ கீழ போகணும், தண்ணி மேல வரணும். உடம்புன்னா அவ்வளவுதான்னு எங்க வைத்தியர் சொல்லுவாரு. உன் தரையில அடுப்புத் தீ செத்துப்போச்சுன்னா என்ன ஆகும்?”

“இழுப்பு நின்னுரும். புகை திரும்பி அறைக்குள்ள வரும்.”

“அந்தப் புகைதான் நெத்தியில நிக்குது. நீ தண்ணி ஊத்தப் பாத்த.”

“தீ செத்துப்போச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“அதான் எனக்கும் பயம். உள்ள தீ முத்திப்போனாலும் காலு சில்லிடும், வெளிய பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்.” முள்ளங்கித் தண்ணீரைக் கரண்டியில் எடுத்து ஓக்தானின் வாயில் வைத்தாள். பிள்ளை முகத்தைத் திருப்பித் துப்பினாள். சூடான சோற்றுத் தண்ணீரை வைத்தாள். இறங்கியது.

“குளுந்துச்சு, அத்தை,” என்றாள் ஓக்தான், கண்ணைத் திறக்காமல்.

குட்சுன் எழுந்தாள். “வசநாபி வேணும். சுக்கு, அதிமதுரம் சேத்துக் காய்ச்சணும்.”

என் மனைவி பிள்ளைமேல் கவிழ்ந்துகொண்டாள். “ராஜா தன் மந்திரிய சாகச் சொல்லிக் குடுத்தனுப்புற விஷமாச்சே அது! இருக்கிறது ஒண்ணுதான், அதையும் கொல்ல வந்தியா?”

“அதே விஷந்தான், அண்ணி. போதுமான நேரம் கொதிச்சா மருந்து. முதல் வாய் நான் குடிப்பேன். என் நாக்கு மரத்துச்சுன்னா மறுபடி கொதிக்க வைப்பேன்.”

“நீ சொன்னது தப்பா இருந்தா?”

“தப்பா இருந்தா நான் கொன்னதா இருக்கும். சும்மா இருந்தா நாளைக்குள்ள அதுவா போயிரும்.”

மூலிகைக் கடை நாம்குங் அன்று காலை மட்டும் ஒன்பது பேருக்கு மருந்து கட்டியிருந்தார். வசநாபி என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு விஷ ஏட்டை எடுத்து வைத்தார். அரசாங்கம் கொடுத்திருந்த ஏடு; விஷம் வாங்குகிறவர் அதில் பெயர் பதிய வேண்டும்.

“மருந்து சொன்ன வைத்தியர் யாரு?”

“நான்தான்,” என்றாள் குட்சுன்.

“மூலிகை நறுக்குறவங்க எல்லாம் வைத்தியர்னா, என் கடை அருவாமணையும் வைத்தியர்தான். மேஸ்திரி, நீங்க முத்திரை வைங்க. ஏதாவது ஆச்சுன்னா போலீஸ் என் கழுத்தப் பிடிப்பான்.”

நான் இடுப்புப் பையிலிருந்து, கையெழுத்துக்குப் பதில் வைக்கும் என் பெயர் முத்திரையை எடுத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வைக்காத, அண்ணே. ஒரு பிள்ளையோட பாரமே உனக்குப் போதும். இது என் கணக்கு.” பிறகு அவரிடம், “ஏட்ட இப்படித் திருப்புங்க,” என்றாள்.

“உனக்கு என்ன எழுத்து தெரியும்? பொம்பளைங்க எழுதுற நம்ம பேச்சு எழுத்துதானே, சீன எழுத்து இல்லியே? அதுல இந்த ஏட்டுல யாரும் எழுதினதில்லம்மா.”

“விஷம் எழுத்தப் பாத்தா கொல்லுது? போலீஸ்காரன் வந்தா காட்டுங்க, தேடுற வேலை மிச்சம்.”

நாம்குங்கிற்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுபோனது. தூரிகையை நீட்டினார்.

இழுப்பறைகளில் ஒட்டிய மருந்துப் பெயர்களைப் பார்த்துத்தான் அவள் எழுத்துக் கற்றிருந்தாள். முந்நூறு வேர்களின் பெயரை எழுதுவாள். தன் பெயரை எழுதச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை.

அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே ஓக்தானின் பாதம் வெதுவெதுப்பானது. ஆனால் அவள் தூரிகையை மையில் தோய்த்தபோது அது எங்களுக்குத் தெரியாது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எங்கள் எழுத்தில் மூன்றே எழுத்து, குடும்பப் பெயரோடு தாக் குட்சுன், கடைசி எழுத்துக் கொஞ்சம் சாய்ந்து. எதிரே நாம்குங் தேதி போட்டார்: குதிரை ஆண்டு, பத்தாம் மாதம், இருபதாம் நாள். புதுக் காலண்டரில், 1918 நவம்பர் 23.