ஒரே ஒரு ஃபைல்

ஒரு டீ குடிக்கணும் என்பதற்காக டீக்கடையையே பெயர்த்துக் கொண்டுவந்து வீட்டுக்குள் வைக்கிற ஆள் உண்டா? எங்கள் கம்பெனியில் உண்டு. வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரில் ஓட வேண்டியது ஒரு சின்ன ஜாவா புரோகிராம். எங்கோ சிறுசேரியில் இருக்கிற சர்வரோடு அது ரெண்டு வார்த்தை பேசினால் போதும். அதற்காக முழு சர்வர் சாஃப்ட்வேரையும் அந்தப் பாவப்பட்ட மெஷினில் ஏற்றுவார்கள். அரை நாள் ஆகும், மெஷினுக்கு மூச்சு வாங்கும். அப்புறம் வருஷா வருஷம் லைசென்ஸ், பராமரிப்பு என்று பில் போகும்.

அங்கே நான் ஒப்பந்தத்தில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? டீம் லீடிடம் போய் நின்றேன்.

"ஜி, எதுக்கு ஜி இவ்ளோ பாரம்? எல்லாத்தையும் ஒரே ஒரு ஃபைல்ல கட்டிக் குடுத்துரலாம். டபுள் கிளிக் பண்ணா ஓடும். சர்வர் சாஃப்ட்வேர் அங்க தேவையே இல்ல."

அவர் நாற்காலியை மெதுவாகத் திருப்பினார். "அப்டியா மச்சான்? கடப்பாக்கம் ஹேச்சரிக்கு அதையே போட்டுரலாம். அங்க ஓட்டிக் காட்டு. ஓடிச்சின்னா உன்ன பெர்மனென்ட் பண்ணச் சொல்லி நானே எழுதுறேன்."

அந்த மாசத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது. பெர்மனென்ட் என்பது மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் தொழிற்சாலையில் கம்பெனி பஸ் ஏறி இறங்கியே காலம் தள்ளிய அப்பாவுக்குக் கடைசிவரை கிடைக்காத வார்த்தை. அன்று சாயந்திரமே செங்கல்பட்டில் எங்கள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அம்மா சொல்லிவிட்டாள், கிடைக்கும் என்றுகூட இல்லை, கிடைத்துவிட்டது என்று.

ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். என் லேப்டாப்பில் அனுப்பு என்ற பட்டனை அழுத்தினால் தகவல் பட்டென்று சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது. நூறு தடவை அழுத்தியிருப்பேன், அத்தனை தடவையும் சந்தோஷம்.

கிளம்புகிற காலையில் லீட் என் பென்டிரைவைக் கேட்டு வாங்கித் தன் லேப்டாப்பில் செருகினார். ஃபைலை ஒரு நிமிஷம் பார்த்தார். "தூசு மாதிரி கீதே மச்சான்!" என்று சிரித்துத் திருப்பிக் கொடுத்தார். பாராட்டு என்று நினைத்தேன்.

ஈசிஆர் கடற்கரைச் சாலையில் அவர் காரிலேயே போனோம். மாமல்லபுரம் தாண்டியதும் நிறுத்தி எனக்குப் பொங்கலும் வடையும் வாங்கிக் கொடுத்தார். "நல்லா துன்னு. இன்னிக்கு ஹீரோ நீ தான்." வழியெல்லாம் என் புராணம்தான். போனில் மேனேஜரிடம், "பையன் படா ஷார்ப்பு சார், நீங்களே பாக்கப் போறீங்க" என்றார். எனக்குக் காது சூடேறியது.

ஹேச்சரி என்றால் இறால் குஞ்சு பொரித்து விற்கிற இடம். தொட்டி தொட்டியாகத் தண்ணீர், அதற்குக் காற்று ஊதுகிற மெஷின்களின் ஓயாத இரைச்சல். முதலாளி பாய், பேக்கிங் செய்கிற நாலு பேர், கணக்குப் பிள்ளை எல்லோரும் ஆபீஸ் ரூமில் கூடிவிட்டார்கள். கூப்பிட்டுக் கூட்டியது லீட்தான். "வாங்க வாங்க, எல்லாரும் பாக்கணும். தம்பியே செஞ்சது."

டபுள் கிளிக் பண்ணினேன். திறந்தது. கைதட்டினார்கள். எந்தத் தொட்டியிலிருந்து எவ்வளவு குஞ்சு, யாருக்கு என்று நிரப்பிக் காட்டினேன். எல்லாம் ஓடியது. கீழே ஒரு பட்டன்: அனுப்பு. நான் கையை அங்கே கொண்டுபோகும்போதெல்லாம் லீட் தடுத்தார்.

"இருப்பா. மொதல்ல பாய்க்கு அந்தக் கலர் மாத்துறதக் காட்டு." காட்டினேன். "தமிழ்ல வருமே, அதக் காட்டு." காட்டினேன். "எவ்ளோ நேரம் ஆச்சு இன்ஸ்டால் பண்ண? நீயே சொல்லு."

"இன்ஸ்டாலே இல்ல பாய். ஒரே ஒரு ஃபைல் தான்!"

"கேட்டுக்கினீங்களா பாய்? ஒரே ஒரு ஃபைல். சரி, இப்ப அனுப்பு."

அழுத்தினேன். சிவப்பாக ஒரு பெட்டி வந்து விழுந்தது. சர்வரோடு பேசத் தேவையான நூலகம், அதாவது புரோகிராமுக்குக் கை கொடுக்கிற துணை ஃபைல், இல்லை என்றது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. என் லேப்டாப்பில் முழு சர்வர் சாஃப்ட்வேரும் இருக்கிறது. என் புரோகிராம் இத்தனை நாளும் அந்த நூலகத்தை அங்கிருந்து சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டிருந்தது. நான் கட்டிய மூட்டைக்குள் அது இல்லவே இல்லை. ஜாவா எதையும் தேவைப்படும்போதுதான் தேடும். அதனால் கடைசிப் பட்டன் வரைக்கும் ஒழுங்காக ஓடியது.

"லேப்டாப் கார்ல கீது ஜி. ரெண்டே நிமிஷம். ஒரு ஃபைல் மட்டும் கூடச் சேக்கணும்."

"இன்னொரு ஃபைலா?" லீட் பாயைப் பார்த்துக் கையை விரித்தார். "ஒரே ஒரு ஃபைல்னு சொல்லித் தானே தம்பி இட்டுனு வந்தீங்க?"

பேக்கிங் ஆட்களில் ஒருத்தன் கெக்கே என்று சிரித்தான். மற்றவர்களும் தொடங்கினார்கள். எனக்குச் சிரிப்பைவிட அந்த 'நீங்க'தான் உறைத்தது. காலையிலிருந்து மச்சான், நீ. இப்போது நீங்க.

"பேஜாரா கீதுப்பா. சின்னதெல்லாம் வேணாம், பெருசே போட்டுருங்க" என்றார் பாய். முழு சர்வர் சாஃப்ட்வேரும் ஒரு ஹார்ட் டிஸ்கில் லீடின் பையிலேயே இருந்தது. லைசென்ஸ் பேச்சு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

வெளியே காரிலிருந்து என் பையையும் அந்த ஹார்ட் டிஸ்க்கையும் எடுத்துக் கொடுத்தபோது லீட் அவரே சொன்னார். "காலைல சைஸப் பாத்தவுடனே தெரியும். அவ்ளோ சின்ன ஃபைல்ல அந்த நூலகம் இருக்க முடியாது."

"அப்ப ஏன் ஜி சொல்லல?"

"சொல்லிருந்தா சரி பண்ணிருப்பீங்களே." ஏதோ அசட்டுக் கேள்விக்குப் பதில் சொல்கிறவர் மாதிரி சொன்னார். "லைசென்ஸ் வித்தா தான் நம்ம டீமுக்கு சோறு. நீங்க இருந்து இன்ஸ்டால் பண்ணிட்டு பஸ்ல வந்துருங்க."

கார் போய்விட்டது. ஹார்ட் டிஸ்க்கைச் செருகவில்லை. என் லேப்டாப்பைத் திறந்து, அந்த நூலகத்தையும் உள்ளே வைத்து மூட்டையைத் திரும்பக் கட்டினேன். பாயின் மெஷினில் போட்டு அனுப்பு என்று அழுத்தினேன். போய்ச் சேர்ந்தது. திரும்பத் திரும்ப அழுத்தினேன். எல்லாம் போனது. ஓடிப்போய் பாயைக் கூட்டிவந்தேன்.

"அட, ஓடுதே! இதுக்கு லைசென்ஸ் டப்பு இல்லல்ல?" என்றவர், அங்கேயே லீடுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "இன்னாங்க, தம்பி செஞ்சது ஷோக்கா ஓடுது. இதுவே போதுமே?"

காற்றிரைச்சலுக்கு நடுவே லீடின் குரல் தெளிவாக வந்தது. "ஓடும் பாய், நல்ல பையன். ஆனா இந்த மாசத்தோட அவர் எங்க கம்பெனில இல்ல. ஒப்பந்தத்த நீட்டிக்க வேணாம்னு காலையிலயே மெயில் போட்டாச்சு. அது நின்னுபோச்சுன்னா யாரக் கூப்டுவீங்க, நீங்களே பாத்துக்குங்க."

காலையிலயே. பொங்கலுக்கு முன்னாலா பின்னாலா என்று என் புத்தி கணக்குப் போட்டது.

பாய் போனை அணைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, ஸ்கிரீனைப் பார்த்தார்.

"எடுத்துரு தம்பி. பெருசையே போடு."

அழித்தேன். கணக்குப் பிள்ளை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "கம்ப்யூட்டர் குப்பைத் தொட்டியயும் காலி பண்ணிரு, அப்பால எவனாவது தொறந்துடப் போறான்" என்றார். அதையும் காலி செய்துவிட்டு ஹார்ட் டிஸ்க்கைச் செருகினேன்.