தன் கழிவையே தின்ற லாட்

இப்போது டேட்டாபேஸோடு பேச லைப்ரரிகள் வந்துவிட்டன. டேபிள்களை ஆப்ஜெக்டாக்கித் தரும். ஒரு ரெக்கார்டைக் கேட்டால் அதன் சொந்தத்தையும், சொந்தத்துக்குச் சொந்தத்தையும் ஒரே வரியில் இழுத்து வந்து நிறுத்தும். சந்தோஷம். தொண்ணூறுகளின் நடுவில், ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் அந்த வேலையை நான் ஃபாக்ஸ்ப்ரோவில் கையால் எழுதினேன். எழுதியதைக் காட்டிலும் எழுதும் முன்பே பீற்றிக்கொண்டதுதான் அதிகம்.

மில்லுக்குப் பஞ்சு பேல் பேலாக, இறுக்கிக் கட்டிய பொதிகளாக வரும். மிக்சிங் கூடத்தில் பல பேல்களைப் பிரித்துக் கலப்பார்கள். முந்தைய லாட்டில் மிஞ்சிய நல்ல கழிவுப் பஞ்சும் அதில் சேரும். கலந்தது ஒரு லாட். லாட் நூலாகி, கூம்புக் குழலில் சுற்றிய கோனாகி, பெட்டிக்குள் போகும். "எந்தப் பெட்டியைக் காட்டினாலும் அதுக்குள்ள போன பேல் எல்லாத்தையும் கம்ப்யூட்டர் சொல்லிரும் சார்" என்று மேனேஜரிடம் அளந்திருந்தேன்.

ஒரு நாள் காலை தளவாய்புரத்துத் துணிக்காரர் ஒருவர் எங்கள் நூலில் நெய்த வெள்ளைத் துணியோடு வந்து நின்றார். துணி முழுக்க நீல நார். உரச்சாக்கின் பிசிறு ஏதோ பேலில் கலந்து நூலுக்குள் போய்விட்டது. அன்று மாலை நாலு மணிக்குப் பம்பாய் லாரி. அதில் பதினோரு லாட். எதிலெல்லாம் அந்தப் பஞ்சு இருக்கிறது?

எல்லாரும் செருப்பை வெளியே விட்டு வரும் என் ஏசி கம்ப்யூட்டர் அறைக்குள் மேனேஜர் செருப்போடு வந்தார். அதுவே ஆபத்தின் அறிகுறி.

"என்னய்யா, சொல்லிரும்னீரே. நாலு மணிக்குள்ள சொல்லச் சொல்லும். இல்லைன்னா ரூமைப் பூட்டிச் சாவியக் குடுத்துட்டு டைம் ஆபீஸ்ல வருகை எழுதப் போய் உக்காரும்."

புரோகிராம் தயாராகத்தான் இருந்தது. ஒரு லாட்டைக் கொடுத்தால் அதற்குள் போனதை ஒவ்வொன்றாகப் பார்க்கும். போனது பேல் என்றால் அச்சடிக்கும். முந்தைய லாட்டின் கழிவுப் பஞ்சு என்றால், அந்த லாட்டின் எண்ணோடு தன்னையே மறுபடி கூப்பிடும். படிப்படியாக இறங்கி, கடைசியில் பேலில் போய் நிற்கும். அப்படித்தான் நினைத்தேன்.

தளவாய்புரத்துக்காரருக்குப் போன லாட்டின் எண்ணைத் தட்டினேன். திரையில் ஐந்தாறு பேல்கள் வந்தன. பிறகு அதே ஐந்தாறு. மறுபடியும் அதே. அதற்குமேல் இறங்க முடியாது என்று ஒரு செய்தியைக் காட்டிவிட்டு மிஷின் நின்றுவிட்டது. மறுபடி தட்டினேன். இந்த முறை மெதுவாகத் தட்டினேன், அதற்குப் புரியட்டும் என்று.

ஏசியில் எனக்கு வேர்த்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடலாமா? வத்திராயிருப்பில் மாமனார் தோப்பில் தேங்காய் எண்ணிப் பிழைக்கலாம். ஆனால் அந்த மனுஷன் நான் எண்ணியதை ஒரு தரம் தானும் எண்ணிப் பார்ப்பார். இப்படி எதிர்காலத்தையெல்லாம் முடித்துவிட்டு, வேறு வழியில்லாமல் மிக்சிங் கூடத்துக்கு ஓடினேன்.

அங்கே சூப்பர்வைசர் கூமாப்பட்டிக்காரப் பெண், என் வயதுதான். கம்ப்யூட்டரையும் என்னையும் ஒரே அளவில்தான் மதிப்பார். ரெஜிஸ்டரைப் பிரித்துக் காட்டி, "இந்த லாட்டுக்குள்ள எதுக்கு இதே லாட் நம்பரையே எழுதிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"பொறவு? நேத்து விழுந்த நல்ல கழிவ, லாட்டு முடியிற வரைக்கும் அதே லாட்டுலதான் போடுவோம். பின்ன வீட்டுக்கா கொண்டு போறோம் தலையணை தைக்க?"

"எத்தனை நாளா?"

"மில்லு தொறந்த நாள்ல இருந்து. உங்க பொட்டிக்கு யாரும் சொல்லலையாக்கும்?"

அந்த லாட் தன் கழிவைத் தானே தின்றுகொண்டிருந்தது. என் புரோகிராம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு சுற்றியிருக்கிறது. மில்லில் கழிவு சுமப்பவர் வரைக்கும் தெரிந்த விஷயம், ஏசியில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரியவில்லை.

"செத்த நேரம் நில்லுங்க சார், மூஞ்சியத் தொடச்சுட்டுப் போங்க, மேனேஜர் பாத்தா பயந்துருவாரு" என்றார்.

துடைத்துக்கொண்டு ஓடினேன். இன்னொரு சின்ன டேபிள் போட்டேன். எந்த லாட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் அதன் எண் அதில் எழுதப்படும். ஏற்கெனவே இருந்தால் நுழையாமல் திரும்பிவிடும். ஏழெட்டு வரிதான். மூன்றே காலுக்கு ஓடவிட்டேன். நின்றது. அதாவது, வேலையை முடித்துவிட்டு நின்றது!

தளவாய்புரத்து லாட்டில் பஞ்சு விற்ற மூன்று பார்ட்டிகளின் பேல்கள். மூன்றிலும் மிச்சம் கோடவுனில் இருந்தது. மிக்சிங் கூடத்துப் பெண்கள் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பார்ட்டியின் பேலில் மட்டும் நீல நார். அடுத்து லாரியின் பதினோரு லாட்டையும் ஓட்டினேன். அந்தப் பார்ட்டியின் பஞ்சு மூன்று லாட்டில் இருந்தது. மேனேஜரும் சூப்பர்வைசரும் பின்னால் நின்றார்கள்.

"ரெண்டு சரி. மூணாவது தப்பு" என்றார் சூப்பர்வைசர். "அதுல அந்தப் பார்ட்டி பஞ்ச நாங்க தொடவே இல்ல. என் கையெழுத்துல இருக்கு."

"நேரா போடலை. முதல் லாட்டோட கழிவு ரெண்டாவதுல போயிருக்கு. ரெண்டாவதோட கழிவு இதுல வந்திருக்கு. அதுவும் உங்க கையெழுத்துதான்."

மேனேஜர் அந்த லாட்டில் ஒரு பெட்டியை உடைக்கச் சொன்னார். ஒரு கோன் நூலைக் கறுப்புப் பலகையில் நெருக்கமாகச் சுற்றினார்கள். ஒன்றுமில்லை. இரண்டாவது கோன். ஒன்றுமில்லை. மாமனார் தோப்பு கண்ணுக்கு அருகில் வந்தது. மூன்றாவது கோன் பாதி சுற்றும்போது சூப்பர்வைசர் பலகையைப் பிடித்து நிறுத்தினார். நகத்தால் கிள்ளி எடுத்தார். எறும்புக் கால் அளவு நீலம்.

மூன்று லாட்டும் இறங்கின. மற்ற எட்டோடு லாரி ஐந்து மணிக்குக் கிளம்பியது. மேனேஜர் தளவாய்புரத்துக்காரரிடம், "நம்ம ஆளு எழுதுனது. கழிவுக்குள்ள ரெண்டு லாட் தாண்டி இருந்ததையும் புடிச்சிருச்சு" என்றார். நான் பணிவாக நிற்க முயன்றேன். நெஞ்சு ஒத்துழைக்கவில்லை.

சூப்பர்வைசர் மட்டும் போகாமல் வாசலில் நின்றார்.

"சார், எந்த லாட்டு எதுக்குள்ள போச்சுன்னு வந்துச்சுல்ல, அந்தத் தாள்ல எனக்கு ஒண்ணு அடிச்சுத் தாங்க. கூடத்துல ஒட்டணும்."

கேட்டது ஒன்று. நான் மூன்று அடித்தேன், அகலத் தாளில்.