அத்தையின் சீரும் சித்தப்பாவின் டிரெய்லரும்

எங்கள் சித்தப்பாவிடம் ஒரு கார் இருந்தது. எண்ணூறு சிசி. ஏசியை அணைத்தால்தான் மேம்பாலம் ஏறும். நாலு பேர் உட்கார்ந்துவிட்டால் அணைத்த பிறகும் யோசிக்கும். அந்தக் காருக்குப் பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டி இழுக்கலாம் என்று மயிலாப்பூரில் வேறு எந்த மனுஷனுக்கும் தோன்றியிருக்காது. சித்தப்பாவுக்குத் தோன்றியது.

அவர் பாங்கில் வேலை பார்த்தார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. லஸ் நடைபாதையில் கிடைக்கும் பழைய வெளிநாட்டுப் பத்திரிகைகளை வாங்கி வந்து படம் பார்ப்பார். அதில் ஒன்றில் ஒரு சின்னக் கார் ஒரு குட்டி வீட்டையே இழுத்துக்கொண்டு மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தது. “பாருங்கோ மன்னி, வெள்ளைக்காரன் ஆத்தையே இழுத்துண்டு போறான்” என்று அம்மாவிடம் காட்டினார். “வெச்ச இடத்துல வெச்சுட்டுப் போக அவனுக்கு என்ன கேடு?” என்று அம்மா கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம்.

மறுமாதமே என்னையும் கூட்டிக்கொண்டு சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனார். இரும்புச் சட்டம், பலகை, இரண்டு ஆட்டோ சக்கரம். ஏற்றுவதும் இறக்குவதும் பின்பக்கக் கதவு வழியாக மட்டும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் நுனியில் ஒரு வளையம். காரின் பின்னால் மேல்நோக்கி வளைந்த ஒரு கொக்கி. வளையத்தைக் கொக்கியில் மாட்டினால் போதும், பாரம் அழுத்தி உட்கார்ந்துகொள்ளும் என்பது சித்தப்பாவின் ஏற்பாடு. வெல்டர் மட்டும் திருப்தியில்லாமல் கொக்கியை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.

“வெயிட்டு முன்னால கீற மாரி ஏத்து சார். பின்னால போட்டுக்கினேன்னு வை, மூக்கு தூக்கிக்கும். அப்பறம் உன் காரு ஒரு பக்கம் போய்க்கினு இருக்கும், இது ஒரு பக்கம் போய்க்கினு இருக்கும்” என்றார்.

சித்தப்பா தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். எனக்கு அப்போது எட்டு வயது. பெரியவர்கள் தலையாட்டினால் நானும் ஆட்டிவிடுவேன்.

அந்தக் கோடையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. சித்தப்பா டிரெய்லரின் நடுவில் ஒரு டிரம்மை வைத்து ஊரெல்லாம் சுற்றித் தண்ணீர் கொண்டுவந்தார். தெருவில் அதற்குத் தேர் என்று பெயர் வைத்தார்கள். பின்னால் சிரித்தவர்கள் முன்னால் குடத்தை நீட்டினார்கள். ஒரு தடவைகூட அது கழன்றதில்லை. அதை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன், பாவம் சித்தப்பா.

இனி அத்தை. அப்பாவின் தங்கை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆதம்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள், நாலு மாதத்துக்கு முன் ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். உடம்பு சரியில்லை, ஓய்வெடுக்க வந்திருக்கிறாள் என்று எனக்குச் சொன்னார்கள். ஆனால் கதவுக்குப் பின்னால் நின்று நான் எல்லாவற்றையும் கேட்டிருந்தேன். அத்தை இனிமேல் அங்கே போகமாட்டாள். ஏன் என்று தெரியாது, அதைப் பற்றிக் கவலையும் இல்லை. அத்தை கணக்கு நன்றாகச் சொல்லித் தருவாள், எனக்கு லாபம்தான்.

அத்தையின் சாமான்களை எடுத்துக்கொண்டு போகலாம் என்று அந்த வீட்டிலிருந்து தகவல் வந்தது. அவர்கள் எல்லோரும் திருப்பதிக்குப் போகிறார்களாம், சாவி கீழ்வீட்டில் இருக்குமாம். டெம்போ வைத்தால் இரண்டு தெருவும் ஜன்னலுக்கு வந்துவிடும். சித்தப்பாவின் தேர் என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள், இன்னொரு கூத்து என்று விட்டுவிடுவார்கள். இது அம்மாவின் யோசனை. கிளம்பும்போது அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“யார் கண்ணுலயும் படாம வந்துடணும் மன்னி. ஒருத்தரும் என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேக்கப்படாது.”

“கேக்க மாட்டா. நான் இருக்கேன்” என்றாள் அம்மா.

அப்பா வரவில்லை. அத்தைக்கு அந்த இடத்தைப் பார்த்துக் கல்யாணத்தை முடித்தவர் அவர்தான். விடிந்ததிலிருந்து பேப்பரில் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். செருப்பு வாங்குவதற்குக்கூடப் பஞ்சாங்கம் பார்க்கும் வீடு எங்களுடையது. அன்று அம்மா ராகுகாலத்தை மட்டும் பார்த்தாள். இதற்குப் போய் நாளா பார்ப்பார்கள் என்று மற்றதைப் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

ஆதம்பாக்கத்தில் அத்தை கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டாள். பீரோவும் கட்டிலும் வேண்டாம் என்றாள். சித்தப்பா வெல்டர் சொன்னதை மறக்காமல் கிரைண்டரை முதலில் தூக்கி டிரெய்லரின் முன்பக்கம் வைத்தார். அம்மா பார்த்தாள்.

“அதை எடு. மெத்தை, தலகாணி, பக்கெட்டெல்லாம் முன்னாடி வை. விளக்கு கடைசில ஏறட்டும்.”

“மன்னி, வெயிட்டு முன்னாடி இருக்கணும்.”

“இறக்கறச்சே பின்னாடி இருக்கறதுதானே முதல்ல இறங்கும்? நம்மாத்துப் பொண்ணு நம்மாத்துக்கு வரா. மெத்தையையும் பக்கெட்டையுமா முதல்ல உள்ள எடுத்துண்டு போறது? முதல்ல குத்துவிளக்கு. அப்பறம் அரிசியும் உப்பும் போட்டு அண்டா. அப்பறம் கிரைண்டர். எப்படி அனுப்பினோமோ அப்படியே உள்ள அழைச்சுப்பேன். நீ பேசாம இரு.”

அம்மாவும் அத்தையும் காபிக்கும் டீவிக்கும் சண்டை போட்டுத்தான் நான் பார்த்திருக்கிறேன். அம்மா இப்படிப் பேசியதும் அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மன்னி சொல்லுக்கு சித்தப்பா மறுபேச்சுப் பேசியதே கிடையாது. ஆளுயரக் குத்துவிளக்கு இரண்டு, அரிசி போட்ட பித்தளை அண்டா, கிரைண்டர் என்று கனமானதெல்லாம் கடைசிக் கோடியில் போய் உட்கார்ந்தது. மனசு கேட்காமல் வளையத்தையும் கொக்கியையும் துணி உலர்த்தும் நைலான் கயிற்றால் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டினார் சித்தப்பா.

நான் பின் ஸீட்டில் முட்டி போட்டு, கண்ணாடி வழியாக டிரெய்லரையே பார்த்துக்கொண்டு வந்தேன். சைதாப்பேட்டைப் பாலத்தில் கார் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறியது. இறங்கும்போது டிரெய்லர் நாய்க்குட்டி வால் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடியது.

“சித்தப்பா, தேர் ஆடறது.”

“ஆடும் ஆடும். நீ திரும்பி உக்காரு.”

நந்தனம் தாண்டியதும் அம்மா ஒரு வாசலைப் பார்த்தாள். வாழைமரம், சீரியல் விளக்கு. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. “ஐயையோ, இன்னிக்கு முகூர்த்த நாளா?” என்றாள். முன் ஸீட்டில் அத்தை புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு குனிந்துகொண்டாள். ராகுகாலம் வருவதற்குள் வீடு போயாக வேண்டும் என்று அம்மா அவசரப்படுத்தினாள். சித்தப்பா ஆழ்வார்பேட்டையில் வேகம் எடுத்தார். ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்னால் இருந்த வேகத்தடையை அவர் பார்க்கவில்லை.

கார் தூக்கிப்போட்டது. அடுத்த நொடி டிரெய்லர் தூக்கிப்போட்டது. நான் கண்ணால் பார்த்தேன்: வளையம் கொக்கியை விட்டு எழும்பியது, நைலான் கயிறு தையல் நூல் மாதிரி பட்டென்று அறுந்தது, முன்கம்பி ஆகாசத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டது. வெல்டர் சொன்னது சொன்னபடி. டிரெய்லரின் பின்பக்கம் தார்ரோட்டில் தேய்ந்து நெருப்புப் பொறி பறந்தது. அது இடப்பக்கம் திரும்பி, எங்களை விட்டுவிட்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி மண்டபத்தின் திறந்த வாசலுக்குள் போயிற்று. எனக்கு வாய் திறந்ததே தவிர சத்தம் வரவில்லை.

“பாத்தேளா மன்னி, இப்பதான் வண்டி நன்னா இழுக்கறது” என்றார் சித்தப்பா சந்தோஷமாக.

அம்மா திரும்பிப் பார்த்து அலறிய பிறகுதான் பிரேக் போட்டார். நாங்கள் இறங்கி ஓடியபோது டிரெய்லர் வாழைமரத்தில் முட்டி நின்றிருந்தது. பின்கதவு திறந்து, இரண்டு குத்துவிளக்கும் சறுக்கி இறங்கி கோலத்தின் மேல் கிடந்தன. யாருக்கும் அடிபடவில்லை. அதைவிட அதிர்ச்சியான விஷயம் வேறு: “பொண்ணாத்துச் சீர் வந்தாச்சு!” என்று யாரோ கத்த, நாதஸ்வரக்காரர் ஊத ஆரம்பித்துவிட்டார். இரண்டு பையன்கள் அண்டாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒரு மாமி விளக்கை நிமிர்த்தி வைத்து அதற்குக் குங்குமம் இட்டாள். அம்மா “இல்லை, இல்லை” என்று கத்தியது மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை. சித்தப்பா கையில் அறுந்த கயிற்றோடு ரோட்டிலேயே நின்றார். கடைசியில் அத்தையே இறங்கி வந்தாள்.

வாசலில் சந்தனப் பேலாவோடு நின்றிருந்த ஒரு பெரியவர் அண்டாவை நிறுத்தி, கழுத்தில் வெட்டியிருந்த பெயரைக் கண்ணாடி போட்டுப் படித்தார். “நில்லுங்கோடா. இது நம்ப பொண்ணு பேர் இல்லையே?”

எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். மேளம் நின்றது.

“என் நாத்தனார் பேர்” என்றாள் அம்மா. குரலில் ஒரு பிசிறு இல்லை. “புதுக்குடித்தனம் வெக்கப்போறா. சாமானெல்லாம் எடுத்துண்டு போறோம், வண்டி கழண்டுடுத்து. மன்னிச்சுக்கோங்கோ மாமி.”

“மன்னிக்கறதாவது! கல்யாண வாசல்ல வந்து நின்னிருக்கே உங்க சீர், இதைவிட நல்ல சகுனம் உண்டா?” என்று அந்த மாமி குங்குமச் சிமிழோடு வந்து அத்தையின் நெற்றியிலும் இட்டாள். அத்தை சிரித்தாள். நாலு மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. பையன்கள் அண்டாவைத் திருப்பி எடுத்துவந்தார்கள். இன்னும் ஐந்து நிமிஷத்தில் நாங்கள் போயிருப்போம்.

எனக்கோ தலை சுற்றியது. அம்மா பொய் சொல்கிறாள்! ஒரு பென்சில் விஷயத்தில் பொய் சொன்னதற்காக என்னைத் தோப்புக்கரணம் போட வைத்த அம்மா, இத்தனை பேருக்கு முன்னால், கண் இமைக்காமல்! டிரெய்லர் கழன்றதுகூட எனக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை.

“பொய், மாமி” என்றேன் கணீரென்று. “புதுக்குடித்தனம் இல்லை. அத்தை ஆத்துக்காரர் ஆத்துலேர்ந்து எல்லாத்தையும் திருப்பி எடுத்துண்டு வரோம். அத்தை இனிமே அங்க போகவே மாட்டா.”

உண்மை சொன்ன குழந்தைக்குக் கல்கண்டு தருவார்கள் என்று வாசலில் வைத்திருந்த தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் தரவில்லை. மாமி குனிந்து, விளக்கில் தான் இட்ட குங்குமத்தைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். பிறகு அத்தையின் நெற்றியைப் பார்த்தாள். அவள் கை பாதி தூரம் எழுந்து நின்றுவிட்டது. “வாசல்ல தண்ணி தெளிங்கோ” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அண்டாவைத் தூக்கிவந்த பையன்கள் அதைத் தரையில் பொத்தென்று போட்டுவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்கள். அரிசி சிதறியது.

அம்மா ஏதோ சொல்லப்போனாள். அத்தை அவளைத் தடுத்தாள்.

“உங்க பொண்ணு நன்னா இருப்பா மாமி. கவலைப்படாதேங்கோ. இது வெறும் பித்தளைதான்” என்றாள். ஒரு விளக்கைத் தானே தூக்கிக்கொண்டு காரைப் பார்த்து நடந்தாள். அந்தக் கனத்தை எப்படித் தூக்கினாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

சந்தனப் பேலாப் பெரியவர் மட்டும் பேலாவைக் கீழே வைத்துவிட்டு வந்து, எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல், சித்தப்பாவுக்குக் கிரைண்டரில் ஒரு கை கொடுத்தார். இந்தத் தடவை கிரைண்டரும் அண்டாவும் முன்பக்கம் போயின. மெத்தையை அம்மாவே பின்னால் ஏற்றினாள். மண்டபத்தில் வாங்கிய தடித்த கயிற்றால் கொக்கியை இறுக்கிக் கட்டினார் சித்தப்பா. விளக்குகளைக் கழற்றி அம்மா காருக்குள்ளேயே எடுத்துக்கொண்டாள். பின் ஸீட்டில் அம்மா போக மிச்ச இடம் முழுக்க அவை படுத்திருந்ததால் நான் முன்னால் அத்தையின் மடியில் உட்கார வேண்டியதாயிற்று.

என்னை யாரும் திட்டவில்லை. அடிக்கவில்லை. பொய் சொன்னது அம்மா, அதனால் வெட்கப்பட்டுப் பேசாமல் வருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். லஸ் சிக்னலில் சித்தப்பா என்ஜினை அணைத்தார். அப்போதுதான் அத்தை நடுங்குகிறாள் என்று தெரிந்தது. அவள் முழங்கால், என்னைச் சுற்றியிருந்த கை, என் உச்சந்தலையில் பதிந்திருந்த முகவாய் எல்லாம் நடுங்கின. எனக்குப் பாவமாக இருந்தது.

“பயப்படாதே அத்தை” என்றேன். “சித்தப்பா இந்தத் தடவை நன்னா கட்டியிருக்கார். கழண்டுக்காது.”

அத்தை என் தலையைத் தடவிக்கொடுத்து, “சமத்து” என்றாள்.

மண்டபத்தில் உண்மையைச் சொன்னேனே, அதற்குத்தான் அந்தச் சமத்து என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.